பதினாலு காரட்டில் தாலியா?

"தங்கம் விற்கிற விலையில் அதைப் பற்றிப் பேசினாலே வயிறு எரிகிறது!" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது, சகோதரிகளே. விலையைப் பற்றிப் பேச வரவில்லை. நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஒரு சர்க்கார் உத்தரவைக் கூச்சல் போடாமல், கொடி பிடிக்காமல், சும்மா காதில் வாங்காமலே விட்டுவிட்ட கதை ஒன்று உண்டு. இளம் தாய்மார்கள் பலருக்கு இது தெரியாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உத்தரவு சொன்னது என்ன?

1962 அக்டோபரில் சீன யுத்தம் வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. தங்க இறக்குமதிக்கு ஏற்கெனவே தடை இருந்தது. ஆனாலும் உள்நாட்டு விலை வெளிநாட்டு விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததால், கள்ளத்தனமாகத் தங்கம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது நிதி மந்திரியாக இருந்த மொரார்ஜி தேசாய் ஒரு வழி யோசித்தார். மக்களுக்குத் தங்கத்தின் மேல் இருக்கிற மோகத்தைக் குறைத்துவிட்டால் கடத்தலும் குறையும் அல்லவா?

1963 ஜனவரியில் உத்தரவு வந்தது. இனிமேல் யாரும் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது!

காரட் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். 24 காரட் என்றால் சொக்கத் தங்கம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகை 22 காரட்டில் இருந்தால், அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். அதே நகை 14 காரட்டில் இருந்தால் 4.67 கிராம்தான். மிச்சமெல்லாம் செம்பும் வெள்ளியும் மாதிரி கலப்பு. நிறம் மங்கல், பத்தர் கைக்கு வளையாது, பழக்கமில்லாத வேலை.

இத்தனைக்கும் நம் பெண்கள் நாட்டுக்குக் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்ல. அந்த யுத்த சமயத்தில்தான் எத்தனையோ பேர் கை வளையலைக் கழற்றித் தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். 1965ல் லால் பகதூர் சாஸ்திரி, "வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள்" என்று கேட்டபோது திங்கட்கிழமை ராத்திரி அடுப்பைப் பற்றவைக்காத வீடுகள் உண்டு. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால், "உன் தாலி இந்த மாற்றில்தான் இருக்க வேண்டும்" என்று யாரோ முடிவு செய்தால்? அது வேறு விஷயம்!

குவார்ட்டர்ஸும் கழுத்துச் சங்கிலியும்

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலியில். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. 1963 வைகாசியில் கல்யாணம். அம்மா புதுப்பெண்ணாக டவுன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தாள்.

டவுன்ஷிப் வாழ்க்கையில் ஒரு விசேஷம் உண்டு. அகலமான ரோடு, வரிசையாக மரம், வீட்டுக்குள்ளே தண்ணீர், விளக்கு, எல்லாம் உண்டு. ஆனால் வீடு நம்முடையது இல்லை. ரிட்டையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஊரில் இருக்கிற காணி நிலமோ ஆண்பிள்ளைகள் பேரில். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989ல்தானே! அப்படியானால் அம்மாவுக்கென்று சொந்தமாக என்ன இருந்தது? கழுத்தில் கிடந்ததும் காதில் தொங்கினதும்தான்.

ஆண்கள் இதை "நகை ஆசை" என்று சொல்லிவிடுவார்கள். ஆசையும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரசவச் செலவுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும், திடீரென்று ஒரு ஆபரேஷன் என்றாலும் எதை நம்பி இருந்தார்கள்? 1984ல் என் அண்ணனைக் காலேஜில் சேர்க்க அம்மாவின் சங்கிலிதான் அடகுக்கடைக்குப் போனது. கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அதே எடை 14 காரட்டாக இருந்திருந்தால்? கைக்கு வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கும்!

"மாற்றுக் குறையாமல் செய்!"

அம்மாவின் தாலி செய்த கதையை எங்கள் ஆயா வாயால் கேட்க வேண்டும். பண்ருட்டிப் பக்கத்தில் கிராமம். வீட்டுக்கு வழக்கமாகச் செய்கிற பத்தர் தயங்கினாராம்.

"பதினாலுக்கு மேல செய்யக்கூடாதாமே, ஆச்சி. யாராவது சொல்லிட்டா என் பொழப்பு போயிடும்."

"எம் பொண்ணு கழுத்துக்குப் பித்தளையா கட்டுவேன்? இந்தா, என்னோட காசுமாலை. இத அழிச்சுச் செய். மாற்றுக் குறையக் கூடாது. யாரு கேட்டாலும் எங்க பாட்டி காலத்து நகைன்னு சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. பகலில் குமுட்டி ஊதினால் தெருவுக்குத் தெரியும் என்று ராத்திரியில் வேலை நடந்ததாம். ரசீது கிடையாது, கணக்கு கிடையாது. பத்தர் வார்த்தையில் ஆயாவுக்கு நம்பிக்கை, ஆயா வாயில் பத்தருக்கு நம்பிக்கை. புது நகை "பழைய நகை" ஆகிவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 14 காரட் நகை வாங்க ஆள் இல்லை. ஜனங்கள் ஏற்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சலுகைகள் கொடுத்துப் பார்த்து, கடைசியில் 1966ல் அந்த 14 காரட் வரம்பையே சர்க்கார் எடுத்துவிட்டது.

கட்டி என்றால் குற்றம், வளையல் என்றால் நகை

அதோடு முடியவில்லை. 1968ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று முழுச் சட்டமே வந்தது. தனி ஆள் என்றால் 2,000 கிராமுக்கு மேலும், குடும்பம் என்றால் 4,000 கிராமுக்கு மேலும் நகை இருந்தால் சர்க்காருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை! ஆனால் தங்கத்தைக் கட்டியாக வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தர். டிரங்குப் பெட்டியின் அடியில் மொத்தமாக ஒரு வளையல் வைத்திருப்பார். பூ வேலை கிடையாது, பளபளப்பு கிடையாது. ஒரு நாளும் கையில் போட்டுப் பார்த்ததில்லை. "ஏன் அத்தை போட மாட்டீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "கட்டியா இருந்தா சட்டப்படி குத்தம்டி. வளைச்சுட்டா நகை!" என்றார். எவ்வளவு சுருக்கமான வக்கீல் பாருங்கள்!

இந்தச் சட்டமும் 22 வருஷம் இருந்து, 1990ல் மது தண்டவதே நிதி மந்திரியாக இருந்தபோது ரத்தானது. அத்தனை வருஷத்தில் தங்கத்தின் மேல் இருந்த ஆசை குறையவில்லை, கடத்தலும் ஒழியவில்லை. கடல் வழியாகப் பத்துத் தோலா பிஸ்கட் கொண்டுவந்து இறக்கியவர்களுக்குத்தான் நல்ல காலம்.

அடி யாருக்கு?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நம் வீட்டுப் பெண்கள் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டார்கள். அடி விழுந்தது யாருக்கு? பத்தருக்கு. ஊதுகுழலும் உரைகல்லும் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பங்கள் நாடு முழுக்க ஒரே நாளில் வேலையில்லாமல் நின்றன. தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. பார்லிமெண்டிலேயே அதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மாற்றுத் தொழிலுக்குக் கடன், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று சர்க்கார் பிறகு ஏற்பாடு செய்தது. ஆனால் கை பழகிய தொழிலை விட்டவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. ரகசியமாக நகை செய்து வாங்கிக்கொண்ட நமக்குத் தாலி மிஞ்சியது. செய்துகொடுத்தவருக்குப் பயம்தான் மிஞ்சியது.

வேறு தேசத்திலும் இதே கதை உண்டு. ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு. 1950களின் தொடக்கத்தில், தன் வீட்டில் வளர்த்த பன்றியைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டினால் அங்கே தண்டனை. குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பும் இறைச்சியும் அதில்தான் கிடைக்கும். சனங்கள் என்ன செய்தார்கள்? சத்தம் வெளியே கேட்காமல் மறைவாக வெட்டினார்கள். இதை வைத்து 1969ல் 'சாட்சி' என்று ஒரு சினிமாவே எடுத்தார்கள். அதையும் அரசாங்கம் பத்து வருஷம் பெட்டிக்குள் பூட்டி வைத்தது! பன்றிக்கும் தாலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அடுப்பங்கரையும் பெட்டியடியும் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் போடுகிற உத்தரவு எந்த ஊரிலும் வாசல்படி தாண்டி உள்ளே வருவதில்லை.

இன்றைக்கு நமக்கு

வேடிக்கையைப் பாருங்கள். அன்றைக்குக் கட்டாயம் என்றபோது வேண்டாம் என்று ஒதுக்கிய 14 காரட்டை, இன்று ஆபீஸுக்குப் போகிற பெண்கள் "லைட் வெயிட்" என்று தாங்களாகவே கேட்டு வாங்குகிறார்கள். இஷ்டப்பட்டு வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

* ஹால்மார்க் முத்திரையில் 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.
* 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம்.
* 14 காரட் நகைக்கு 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். சேதாரம், செய்கூலி இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.
* வருமான வரிச் சோதனை வந்தாலும், கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று 1994லேயே அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் உண்டு.
* பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அது உங்கள் பேரில் இருக்கட்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆயா காலத்தில் ரசீது இல்லாததுதான் பாதுகாப்பு. இப்போது ரசீது இருப்பதுதான் பாதுகாப்பு. காலம் மாறிவிட்டது. ஆனால் நம் பேரில் நமக்கென்று ஏதாவது இருக்க வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை.