விரலுக்குள் ஒரு தறி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. உடையவர் அவதரித்த திருத்தலம் என்பது நேயர்கள் அறிந்ததே. அவ்வாலயத்தில் எழுந்தருளியிருக்கும் ராமாநுஜர் விக்கிரகத்தைத் 'தான் உகந்த திருமேனி' என்று சொல்வது வழக்கம். பழம் பெருமை இவ்விதமிருக்க, சென்ற முப்பது வருஷத்தில் அந்த ஊருக்குப் புதிய கீர்த்தி ஒன்றும் ஏற்பட்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரையில், ஏரிக்கரைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே, மோட்டார் வண்டிகளும், டயர்களும், கண்ணாடியும், கைப்பேசிகளும் உற்பத்தியாகும் தொழிற்சாலைகள் வரிசை வரிசையாக எழும்பியிருக்கின்றன. தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்களிலிருந்தும், வட தேசங்களிலிருந்தும் வந்த வாலிபர்களும் யுவதிகளும் இரவு பகலாக முறை வைத்து அங்கே வேலை செய்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில் எத்தனையோ விதமான யந்திரங்கள் இருக்கின்றன. இரும்புத் தகட்டை அப்பளம் போல் வளைக்கும் யந்திரமும் உண்டு. மனிதன் கை படாமலே வண்டிக்குப் பற்று வைக்கும் யந்திரமும் உண்டு. ஆனால் அவை எல்லாவற்றிலும் நுட்பமான யந்திரம், அவற்றை இயக்கும் தொழிலாளியின் ஆள்காட்டி விரல்தான். தலைமயிர் ஒன்று கிடந்தாலும் தடவிக் கண்டு பிடித்துவிடும். ஆணியையும் பிடிக்கும், ஊசியில் நூலும் கோக்கும். கீறல் விழுந்தால் தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்ளும்.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள இந்த யந்திரத்தைச் செய்வதற்கு எத்தனை வகைச் சாமான்கள் வேண்டியிருந்தன என்று கேட்டால், விடை வியப்பளிக்கும். நான்கே வகை! விரல் மட்டுமல்ல, உச்சி முதல் உள்ளங்கால் வரையில் மனித சரீரம் முழுவதும் அந்த நான்கே வகைச் சரக்கினால் ஆனதுதான்.

நெசவும் திசுவும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அண்டையிலுள்ள காஞ்சீபுரத்தில், ஒரு பட்டுப் புடவையைக் கையில் கொடுத்தால், எத்தனை இழை பாவு, எத்தனை இழை ஊடு என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடக் கூடிய நெசவாளர்கள் இருக்கிறார்கள். சரீர சாஸ்திரத்தில் அத்தகைய கைத்திறன் படைத்தவராக விளங்கியவர் பிரெஞ்சு தேசத்து வைத்தியரான பிஷா என்பவர். 1771-ம் ஆண்டில் பிறந்து 1802-ம் ஆண்டில், முப்பது வயதிலேயே, காலமாகிவிட்டார். அந்தக் காலத்து பூதக்கண்ணாடிகளில் அவருக்கு நம்பிக்கையில்லை. இறந்தவர்களின் சரீரத்தை அறுத்து, அதன் பகுதிகளை வேக வைத்தும், உலர வைத்தும், திராவகத்தில் ஊற வைத்தும் பரீட்சை செய்தார். இருதயம், குடல், நுரையீரல் என்று தனித்தனிப் பெயர் சொன்னாலும், அவற்றுள் ஒரே மாதிரியான 'துணிகள்' திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன என்று கண்டார். பிரெஞ்சு பாஷையில் நெய்த துணிக்குரிய சொல்லையே அவற்றுக்குச் சூட்டினார். அதுதான் நம் பாடப் புத்தகங்களில் 'திசு' என்று வழங்குகிறது. இலங்கைத் தமிழர்கள் அதை 'இழையம்' என்று அழகாகச் சொல்லுகிறார்கள்.

பிஷா மொத்தம் 21 வகைத் திசுக்களைக் கணக்கிட்டார். பின்னால் வந்தவர்கள் நல்ல பூதக்கண்ணாடியின் உதவியினால், அவை அனைத்தும் நான்கு பெரிய குடும்பங்களில் அடங்கும் என்று கண்டார்கள். மேல் போர்வையாயுள்ள எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்பவையே அந்த நான்கும்.

போர்வை

விரலில் நாம் முதலில் தொடுவது எபிதீலியத்தை. உயிரணுக்கள் செங்கல் அடுக்கினாற் போல் இடைவெளியில்லாமல் நெருங்கியிருப்பது இதன் லக்ஷணம். தோலின் மேற்புறத்தில் பல அடுக்குகளாக இருந்து, வெப்பமும் தூசியும் கிருமிகளும் உள்ளே புகாமல் காக்கிறது. அடியிலுள்ள அணுக்கள் பெருகி மேலே வர, மேலே உள்ளவை செத்து உதிர்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேல் தோல் முழுவதும் புதிதாகி விடுகிறது.

இதே குடும்பத்தின் வேறு அங்கத்தினர்கள் உடம்புக்குள்ளும் உத்தியோகம் பார்க்கிறார்கள். நுரையீரலின் காற்றறைகளில் ஒரே ஓர் அடுக்காக, மிக மெல்லியதாக அமைந்து பிராணவாயுவுக்கு வழி விடுகிறது. குடலின் உட்புறத்தில் உணவின் சாரத்தை உறிஞ்சுகிறது. அங்கே வேலை கடுமையானபடியால், சில தினங்களுக்கு ஒரு முறை ஆட்கள் மாறிவிடுகிறார்கள். உமிழ்நீர், வியர்வை முதலியவற்றைச் சுரக்கும் சுரப்பிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இந்தத் திசுவுக்குள் இரத்தக் குழாய்கள் கிடையா. ஆதலால்தான் மேல் தோல் மட்டும் சிராய்த்தால் இரத்தம் வருவதில்லை.

கிண்டியில் அவிழ்ந்த முடிச்சு

போர்வைக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவின் குடும்பம் மிகப் பெரிது. எலும்பு, குருத்தெலும்பு, தசையை எலும்புடன் கட்டும் தசைநாண், கொழுப்பு எல்லாம் அதில் சேரும். இரத்தங்கூட இணைப்புத் திசுதான் என்றால் நேயர்கள் நம்பத் தயங்கலாம். ஆனால் அணுக்கள் நெருங்கி நில்லாமல் வேறொரு பொருளிலே விரவிக் கிடப்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். எலும்பில் அந்தப் பொருள் சுண்ணாம்புச் சத்தேறிக் கெட்டியாயிருக்கிறது. இரத்தத்தில் நீராக ஓடுகிறது.

தசைநாணுக்கும் எலும்புக்கும் தோலின் அடிப்பாகத்துக்கும் வலிமை தருவது கொலாஜன் என்னும் புரத இழை. நம் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் அதுவேயாகும். அந்த இழை எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்னும் முடிச்சை அவிழ்த்த பெருமை சென்னைக்கு உரியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

1952-ம் ஆண்டில், முப்பது வயதேயான ஜி. என். ராமச்சந்திரன் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிக சாஸ்திரத் துறைக்குத் தலைவராக வந்தார். சென்னைக்கு விஜயம் செய்த பெர்னால் என்னும் விஞ்ஞானி, கொலாஜனைப் பற்றி இதுவரை வந்த விளக்கங்கள் திருப்தியளிக்கவில்லை என்று அவரிடம் சொன்னார். ராமச்சந்திரன் இருந்த கிண்டிக்கு அடுத்தாற்போல்தான் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். 1954-லும் 1955-லும் லண்டனிலிருந்து வெளியாகும் 'நேச்சர்' பத்திரிகையில் அவர்களுடைய முடிவுகள் வெளியாயின. கொலாஜன் என்பது மூன்று இழைகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கிய கயிறு! பெண்கள் கூந்தலை மூன்று கால் எடுத்துப் பின்னுகிறார்கள் அல்லவா? இயற்கையும் அதே மூன்றைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அயல்நாட்டு நிபுணர்கள், இதில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ஆட்சேபித்தார்கள். சில விவரங்கள் திருத்தப்பட்டன; மூவிழைக் கயிறு நிலைத்து நின்றது. எவ்வளவு நெருக்கம் சாத்தியம் என்று ராமச்சந்திரன் தம் சகாக்களுடன் தொடர்ந்து கணக்குப் போட்டதன் பலனாக 1963-ல் வெளிவந்த வரைபடம், அவர் பெயராலேயே இன்றும் உலகமெங்கும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இந்தக் கயிறு திரிக்க வைட்டமின் 'சி' அவசியம். அது இல்லாமற் போனால் இழைகள் சேர்ந்து நில்லாமல், ஈறுகளில் இரத்தம் கசியும். பழைய புண்கள் வாய் திறக்கும். முன்னாளில் கடலோடிகள் இந்த நோயினால் மாண்டார்கள். நம் வீட்டு நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் அந்தச் சத்து நிறைந்திருக்கிறது. கொல்லைப்புறத்து மரத்தை அலட்சியம் செய்யலாகாது.

விரலில் தசை எங்கே?

மூன்றாவது, தசைத் திசு. சுருங்குவது ஒன்றே இதன் தொழில். எலும்போடு சேர்ந்து நம் இஷ்டப்படி இயங்குவது ஒரு வகை. குடல், இரத்தக் குழாய் இவற்றின் சுவர்களில் நம்மைக் கேளாமலே இயங்குவது இரண்டாவது வகை. இருதயத்தில் மட்டும் காணப்பட்டு ஆயுள் பரியந்தம் ஓயாமல் துடிப்பது மூன்றாவது வகை.

இப்போது ஒரு வேடிக்கை. வலது கையால் இடது முன்கையை முழங்கைக்குச் சிறிது கீழே பிடித்துக் கொண்டு, இடது கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முன்கையில் அல்லவா அசைவு தெரிகிறது? விரல்களை அசைக்கும் தசை எதுவும் விரல்களில் இல்லை. அவை முன்கையிலும் உள்ளங்கையிலுமே இருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னாலிருந்து கயிற்றை இழுப்பது போல், தசைநாண்களைக் கொண்டு விரல்களை ஆட்டி வைக்கின்றன. விரலுக்குள் இருக்கும் தசையெல்லாம் பெரும்பாலும் இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மெல்லிய தசைதான். இந்தச் சிறு விஷயம் எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வலி என்னும் வரம்

நான்காவதான நரம்புத் திசு, செய்தி கொண்டு போகும் தந்திக் கம்பி. விரல் நுனியில் பட்ட சூட்டை மூளைக்குத் தெரிவிப்பதும், 'கையை எடு' என்ற உத்தரவைத் தசைக்குக் கொண்டு வருவதும் அதுவே. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் செங்கல்பட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

செங்கல்பட்டு அருகே திருமணியில் குஷ்டரோகிகளுக்கான பெரிய சிகிச்சை ஸ்தாபனம் இருந்தது. கொல்லிமலையில் பிறந்தவரும், வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் ரண சிகிச்சை நிபுணருமான டாக்டர் பால் பிராண்ட் 1947-ல் அங்கே சென்றார். விரல்கள் நகம் போல் மடங்கிப் போன நோயாளி ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடியின் வலிமை தாங்காமல் பிராண்டுக்கே வலித்துவிட்டது! செத்துப் போன கை என்று உலகம் ஒதுக்கிய கையில் நல்ல தசைகள் உயிருடன் இருந்தன.

விஷயம் பிறகு விளங்கிற்று. குஷ்டரோகக் கிருமி நரம்பைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் மடங்குகின்றன. முன்கைத் தசைகளில் பல நன்றாகவே இருக்கின்றன. விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்பது வீண் பிரமை. வலி தெரியாதபடியால் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், காயத்தைக் கவனியாமல் விட்டும், நோயாளிகள் கொஞ்சம் கொஞ்சமாக விரல்களை இழந்தார்கள். பிராண்டும் அவருடைய சகாக்களும், நல்ல நிலையிலிருந்த ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினார்கள். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. வேலூரில் ஆரம்பமான அந்த முறை உலகெங்கும் பரவிற்று. இன்று குஷ்டரோகம் மருந்துகளால் முற்றிலும் குணமாகக் கூடிய நோய். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அம்மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் நரம்பு கெடுவதற்கு முன் வைத்தியரிடம் போக வேண்டும். உணர்ச்சியற்ற தேமல் கண்டால் வெட்கப்பட்டு மறைக்கலாகாது.

துண்டான விரல்

மறுபடியும் ஒரகடத்துக்கு வருவோம். யந்திரத்தில் அகப்பட்டு ஒரு தொழிலாளியின் விரல் துண்டாகிவிட்டால், நான்கு திசுக்களும் ஒருங்கே அறுபடுகின்றன. அவை நான்கும் ஒரே வேகத்தில் மடிவதில்லை. ஒரே விதமாகக் குணமாவதும் இல்லை.

இரத்த ஓட்டம் நின்றபின் முதலில் மடிவது தசை. தசை மிகுந்த கையோ காலோ துண்டானால், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் இரத்தம் பாய வேண்டும். விரலில் அத்தகைய தசை இல்லாதபடியால், குளிர்ச்சியாகப் பாதுகாத்தால் அதைவிட அதிக நேரம் தாங்கும். ஆகையால் துண்டான விரலை ஒருபோதும் எறிந்துவிடக் கூடாது. அதைச் சுத்தமான தண்ணீரில் அலம்பி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் கட்டிகளின் மேல் வைத்துக் கொண்டு போக வேண்டும். ஐஸ் நேரே விரலில் படலாகாது. பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். காயம்பட்ட கையைச் சுத்தமான துணியால் அழுத்தி உயரப் பிடிக்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி கை சிகிச்சைக்குப் பேர் பெற்றது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், விரலின் பக்கத்திலிருந்தே முக்கோணமாகத் தோலை, அதன் இரத்தக் குழாயும் நரம்பும் அறாமல், நகர்த்தி நுனியை மூடும் முறையை அங்கே டாக்டர் ஆர். வெங்கடசுவாமியும் அவருடைய சகாவும் 1980-ல் வெளியிட்டார்கள். நரம்போடு நகர்த்துவதனால் புதிய நுனிக்கும் தொடுவுணர்ச்சி இருக்கும். 2018-ல் அதே ஆஸ்பத்திரியில், இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு, இறந்த ஒருவரின் கைகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஒட்டிய பிறகு என்ன நடக்கிறது? மேல் தோல் சில வாரங்களில் மூடிக் கொள்கிறது. எலும்பு எலும்பாகவே கூடுகிறது. தசைநாண் ஒட்டுவதற்கு மாதங்கள் ஆகும். அறுபட்ட நரம்போ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம்தான் வளர்ந்து செல்லும். மணிக்கட்டில் அறுபட்டது விரல் நுனியை எட்ட அரை வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அப்பொழுதும் முழு உணர்ச்சி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. வெளிப் புண் ஆறிவிட்டது என்பதற்காக அந்தத் தொழிலாளியை உடனே பழைய வேலைக்கு விரட்டுவது எவ்வளவு அநியாயம் என்பதை இந்தக் கணக்கே எடுத்துச் சொல்லும். வீட்டாரும் மேஸ்திரியும் பொறுமை காட்ட வேண்டிய காலம், தோல் மூடிய பிறகு ஆரம்பிக்கும் காலந்தான்.

பட்டுப் புடவை கிழிந்தால், தேர்ந்த நெசவாளர் இழை பார்த்துச் சேர்த்து விடுவார். ஆனால் அவரைக் கேட்டால், கிழியாமல் வைத்துக் கொள்வதே மேல் என்றுதான் சொல்வார். யந்திரத்துக்குக் காப்புக் கதவு அமைப்பதற்கு ஆகும் செலவு, விரல் ஒட்டுவதற்கு ஆகும் செலவைக் காட்டிலும் குறைவுதான். தொழிற்சாலை நடத்துகிறவர்கள் சரீர சாஸ்திரத்தில் இந்த ஒரு பாடத்தையாவது படித்துக் கொண்டால் தேசத்துக்கு க்ஷேமமாயிருக்கும்.