காற்றிலே இருக்கிறது வெந்நீர்!

"தூத்துக்குடிக்கு வெந்நீர் எதற்கு? அடிக்கிற வெயில் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

பிள்ளை பெற்ற பெண்ணைக் கேளுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டியைக் கேளுங்கள். இரவெல்லாம் கடலில் வலை இழுத்துவிட்டு விடியற்காலையில் கரை திரும்பும் மீனவரைக் கேளுங்கள். வெந்நீரின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

விறகு அடுப்புக்குப் பிறகு கீசர் வந்தது. இப்போது கீசருக்குப் போட்டியாக ஹீட் பம்ப் வந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்திலேயே அது அதே அளவு வெந்நீர் தரும். ஆனால், நம் ஊரில் அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, கடல் காற்று. மற்றொன்று, உப்புத் தண்ணீர். இந்த இரண்டையும் எண்ணிப் பார்க்காமல் வாங்கினால், போட்ட பணம் துருப்பிடித்துப் போகும்!

எப்படி வேலை செய்கிறது?

பிரிட்ஜின் உடம்பு வெளியே சூடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்து அது வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்பும் அப்படித்தான். வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து, தொட்டித் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

அதன் குழாய்களுக்குள் ஒரு பொருள் சுற்றி வருகிறது. சாதாரணக் காற்றின் சூடு பட்டாலே அது ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சுடுகிறதல்லவா? அதுபோலத்தான். அந்தச் சூடு தண்ணீரில் இறங்குகிறது.

இங்கே மின்சாரம் நேராகத் தண்ணீரைக் காய்ச்சுவதில்லை. காற்றிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வருகிறது. சுமை கூலி மட்டும்தான் நம் செலவு. காற்று சூடாக இருந்தால் கூலி இன்னும் குறையும். தூத்துக்குடி வெயில் இந்த வகையில் நமக்கு லாபம்!

உப்பு ஆலையில் பிறந்தது

இந்தக் கருவியின் மூதாதை ஓர் உப்பு ஆலையில் பிறந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1850-களில் ஆஸ்திரியா நாட்டில் பீட்டர் ரிட்டிங்கர் என்ற பொறியாளர், எபென்சே உப்பு ஆலையில் அதை அமைத்தார். அங்கே உப்பு நீரை அடுப்பு வைத்துக் காய்ச்சினார்கள். எரிபொருளை மிச்சப்படுத்த, கிளம்பும் ஆவியை அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டையே மறுபடியும் நீரைக் காய்ச்சப் பயன்படுத்தினார் அவர். நம் உப்பளங்களில் அந்த வேலையைச் சூரியனே செய்துவிடுகிறது.

யாருக்கு லாபம்?

100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்க, கீசருக்குச் சுமார் 3 யூனிட் மின்சாரம் வேண்டும். ஹீட் பம்புக்கு 1 யூனிட் போதும். தினமும் 2 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் 120 யூனிட் மிச்சம்!

ஆனால் ஹீட் பம்பின் விலை கீசரைப் போலப் பல மடங்கு. வீட்டில் இருவர் மட்டும் இருந்து, எப்போதாவது ஒரு வாளி வெந்நீர் தேவை என்றால் சிறிய கீசரே போதும். தினமும் பலர் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்குத்தான் ஹீட் பம்ப் லாபம். சொந்த மொட்டை மாடியில் நல்ல வெயில் விழுமானால், சூரிய வெந்நீர்க் கருவியின் விலையையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி?

கீசரைப் போல நினைத்தவுடன் ஹீட் பம்ப் வெந்நீர் தராது. தொட்டி முழுவதும் சூடேறச் சில மணி நேரம் ஆகும். எனவே காலைத் தேவை முழுவதும் தொட்டியில் இருக்க வேண்டும்.

20 லிட்டர் வாளிக்கு 55 டிகிரி வெந்நீர் 9 லிட்டர் ஊற்றி, மீதிக்குப் பச்சைத் தண்ணீர் விட்டால், குளிக்கும் பதம் வந்துவிடும். ஆறு பேர் ஆளுக்கு இரண்டு வாளி குளித்தாலும் 108 லிட்டர்தான் ஆகிறது. அவர்களுக்கு 150 லிட்டர் தொட்டி போதும். 300 லிட்டர் வாங்குவது வீண் செலவு.

எங்கே வைப்பது?

மூடிய குளியலறையில் வைக்கக் கூடாது. காற்றோட்டம் வேண்டும். அதே சமயம் கடல் காற்று நேராக வீசும் பக்கமும் ஆகாது. நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே வீட்டின் மேற்குச் சுவர் ஓரம் நல்லது. மேலே ஒரு கூரை வேண்டும். ஓடும்போது கருவியிலிருந்து தண்ணீர் சொட்டும். அது வடிந்து போக வழி செய்யுங்கள். எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். உயிர் விஷயத்தில் சிக்கனம் கூடாது!

தன்னைத் தரும் கம்பி

விசைப்படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதை மீனவர்கள் அறிவார்கள். கடல் நீர் அந்தக் கட்டியை அரிக்கும். படகின் இரும்பு பிழைத்துக்கொள்ளும். வெந்நீர்த் தொட்டிக்குள்ளும் அதே தந்திரம் உண்டு. மக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். அதற்கு அனோடு என்று பெயர். அது கரைந்து தீர்ந்த பிறகு உப்புத் தண்ணீர் தொட்டியையே தின்னத் தொடங்கும். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறை இந்தக் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பகுதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பராமரிப்பு

மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கருவியின் உலோகத் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உப்பும் தூசியும் போய்விடும். வேகமாகப் பீச்சினால் தகடு மடங்கிவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொட்டியின் அடியில் தங்கிய கசடை வடித்துவிடுங்கள்.

தொட்டியில் அழுத்தம் மிகுந்தால் வெளியேற்ற ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று அடைத்துவிடாதீர்கள். தொட்டி வெடிக்கும் ஆபத்து உண்டு.

தினசரி உபயோகத்துக்கு 55 டிகிரி போதும். கிருமிகள் தங்காதிருக்க வாரம் ஒரு நாள் 60 டிகிரிக்கு உயர்த்துங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். எனவே குழந்தைகளுக்கு வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர்!

கடைக்குப் போகிறவர்கள் விலையோடு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தகடுகளுக்குத் துருத் தடுப்புப் பூச்சு உண்டா? மாற்று அனோடு கம்பி கிடைக்குமா? பழுது பார்க்கும் ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறாரா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.