படகை ஏற்றிச் செல்லும்போது விசிறியைக் காத்தல்

மாரி காலத்தில் படுவான்கரையின் வயல்களும் வீதிகளும் நீரில் மூழ்குவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், கொக்கட்டிச்சோலை மக்கள் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்திருப்பதில்லை. ஆயினும் 2011 தை மாதத்து வெள்ளம் போன்றதொன்று வருமாயின், உட்கிராமங்களிலுள்ள நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் மீட்பதற்குப் படகே துணை. அப்படகை வெள்ளக் கரைவரை கொண்டு சேர்ப்பது உங்கள் உழவு யந்திரமும் பெட்டியுமேயாகும். வழியில் விசிறி உடைந்துவிட்டால், கரைக்கு வந்த படகு வந்தும் பயனில்லை.

சேதம் நேர்வது எவ்வாறு?

நீரைத் தள்ளும் விசிறி, வெளியிணைப்பு யந்திரத்தின் காலில், படகின் அடியைவிடத் தாழ்வாக இருக்கிறது. 18 அடிப் படகு பெட்டியைவிட நீளமானதால் அதன் பின்புறம் வெளியே நீண்டு நிற்கும். பெட்டி மதகின்மேல் ஏறும்பொழுது அப்பின்புறம் தாழ்ந்து, விசிறி கல்லில் மோதும். இதழில் சிறு வெட்டு விழுந்தாலும் சுழற்சி சமநிலை இழக்கும், யந்திரம் அதிரும், தண்டும் எண்ணெய்த் தடுப்பு வளையமும் தேயும். பின்னர் பல்லுச்சில்லுப் பெட்டிக்குள் நீர் புகும். அங்குள்ள எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது இதற்கு அடையாளம்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

1. இருவர் தூக்கக்கூடிய யந்திரமாயின் அதனைக் கழற்றிவிடுதலே மிக நன்று. சிறிது நேரம் நிமிர்த்திவைத்து, உள்ளிருக்கும் நீரை வடியவிடுக. பின்னர் மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டுக. விசிறிப் பக்கம் தலைப்பக்கத்தைவிட உயர்ந்திருத்தல் கூடாது. உயர்ந்தால் எஞ்சிய நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

2. கழற்ற இயலாத பாரமான யந்திரத்தை, படகின் பின்புறத்தையும் தாங்கும் நீண்ட பெட்டியிலேயே கொண்டு செல்லல் வேண்டும். யந்திரத்தை உயர்த்தியபின், பெட்டிச் சட்டத்திற்கும் காலுக்கும் இடையே உறுதியான மரமொன்றை முட்டுக்கொடுத்துக் கட்டுக. உயர்த்தி நிறுத்தும் சிறு கொளுக்கி, படகு நிற்கையில் யந்திரத்தை உயர்த்தி வைப்பதற்கானது. குண்டும் குழியுமான வீதியின் குலுக்கலை அது தாங்காது.

3. விசிறியைத் தொடுமுன் தீப்பொறிக் கம்பியைக் கழற்றுக. அதன்பின் வைக்கோல் அடைத்த சாக்கினால் இதழ்களை மூடிக் கட்டுக. படகைப் பிணைக்கும் கயிற்றை ஒருபோதும் விசிறியில் சுற்றுதல் கூடாது.

4. பின்னால் நீண்டிருக்கும் பகுதியில் பகலில் சிவப்புத் துணியும், இரவில் சிவப்பு விளக்கும் கட்டுக. மதகுகளிலும் பள்ளங்களிலும் ஒருவர் இறங்கிப் பின்னால் நடந்து பார்த்துக்கொள்ள, மெதுவாகச் செலுத்துக.

நீரில் இறக்கும்போது

சாக்கை அவிழ்த்து, இதழ்களையும் தண்டையும் கவனிக்க. தண்டில் தங்கூசி சுற்றியிருப்பின் அகற்றுக. அது எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்துவிடும். வயலின்மேல் நிற்கும் வெள்ளத்தில் வரம்புகளும் வேலிக் கம்பிகளும் மறைந்திருக்கும். ஆகவே, போதிய ஆழம் வரும்வரை மரக்கோலால் தாங்கிச் சென்று, அதன்பின்னரே யந்திரத்தைத் தாழ்த்துக.

சில சிறு யந்திரங்களில் விசிறியைத் தண்டுடன் பிணைக்கும் மெல்லிய ஊசி ஒன்று உண்டு. மோதல் நேர்ந்தால் தான் முறிந்து பல்லுச்சில்லுகளைக் காப்பதே அதன் தொழில். அது முறிந்தால் இரும்பாணியை அடித்துச் சமாளித்தல் பெருந்தவறு. அடுத்த மோதலில் ஆணி முறியாது, பல்லுச்சில்லுகளே முறியும். யந்திரத்திற்குரிய ஊசிகள் இரண்டையும், அவற்றை மாற்றும் குறட்டையும் படகிலேயே வைத்திருங்கள்.

பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு முட்டுமரம், சாக்கு, கயிறு, ஊசி ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, ஒருமுறை ஏற்றி இறக்கிப் பழகுங்கள். வெள்ளம் வந்தபின் இவற்றைத் தேடுவதற்கு நேரமிராது.