ஊரும் உதைபந்தாட்டக் கழகமும்

கழகம் என்னும் சொல் பழைமையானது. வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில் அச்சொல்லைச் சூதாடும் இடம் என்ற பொருளில் ஆண்டுள்ளார். கற்றோர் கூடும் அவையும் அச்சொல்லாற் குறிக்கப்படுவதுண்டு. இன்று நமது ஊர்களிற் 'கழகம்' என்று ஒருவர் அடைமொழியின்றிச் சொன்னால், கேட்போர் புலவர் அவையையும் நினையார், சூதாடு களத்தையும் நினையார். மாலையில் இளைஞர் கூடிப் பந்துதைக்கும் விளையாட்டுக் கழகத்தையே நினைப்பர். சொல் நடந்துவந்த இவ்வழி தமிழாசிரியர்க்குச் சுவை தருவதே. எனினும் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது சொல்லைப் பற்றியன்று. அச்சொல் இன்று குறிக்கும் பொருளைப் பற்றியதாகும்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர், கல்லூரி அணியிற் பந்தாடிய பின் ஊர்க் கழகத்தின் சட்டையையும் அணிந்தவர்கள். ஆயினும் அக்கழகம் ஊருக்கு என்ன செய்கிறது என்று வினாவினால், "பொடியள் பந்தடிக்கிறாங்கள்" என்பதற்கு மேல் விடை வருவது அரிது. அவ்விடையிற் பிழையில்லை, ஆனால் அது முழு விடையுமன்று.

ஸ்கந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, அக்கராயன்குளத்தை அடுத்து, கரைச்சிப் பிரதேசத்தில் அமைந்த ஊர் அது. குடாநாட்டின் தொல்லூர்களிற் கோயில் முந்தியது, வீதி முந்தியது, உறவுமுறை முந்தியது; மனிதன் அவற்றினிடையே வந்து பிறக்கிறான். கரைச்சியின் நிலை வேறு. இரணைமடுக் குளத்தின் கட்டுவேலை 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டு நிறைவெய்திய பின்னரே இப்பகுதியில் நெற்செய்கையும் குடியேற்றமும் பெருகின. குடாநாட்டிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் காணி நாடி வந்தோர் ஒருபால். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் தென்னிலங்கையையும் மலையகத்தையும் விட்டு வந்தோர் மற்றொருபால். இத்தகைய ஊர்களில் மனிதர் முதலில் வந்தனர்; ஊர் என்னும் உணர்வு பின்னரே வரவேண்டியிருந்தது.

அயலவர் இருவர் சந்தித்தபோது முதலில் எழுந்த வினா "நீங்கள் எந்த ஊர்?" என்பதே. அதற்கு ஒருவர் வேலணை என்பார். மற்றவர் கரவெட்டி என்பார். இன்னொருவர் ஹற்றன் என்பார். முப்பது ஆண்டுகள் ஓரிடத்தில் உழுதுண்டு வாழ்ந்த பின்னும் விடை மாறாதிருந்தோரை யாம் அறிவோம். ஆனால் அவர்தம் பிள்ளைகள் பதினொருவர் ஓரணியாகி அயலூர் மைதானத்துக்குப் போகும்போது, அங்குள்ள ஒலிபெருக்கி வேலணையையும் அறியாது, ஹற்றனையும் அறியாது. "ஸ்கந்தபுரம் அணியினர் உடனடியாக மைதானத்துக்கு வரவும்" என்றே அது கூவும். கல்வெட்டில் ஊர்ப்பெயர் பொறிக்கப்படுவது போல அவ்வொலி அப்பிள்ளைகளின் நெஞ்சிற் பதிகிறது. குடியேற்ற ஊரில் விளையாட்டுக் கழகம் செய்யும் முதற் பணி இதுவே என்பது எமது கருத்து.

கழகத்தின் அமைப்பு எளியது. தலைவர், செயலாளர், பொருளாளர், நிருவாகசபை, ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நாட்டின் விளையாட்டுச் சங்கங்களை ஒழுங்குபடுத்தியது. இந்நாளில் ஊர்க் கழகங்களும் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தர் வழியாகப் பதிவு பெறுகின்றன. அதற்குக் கழகத்தின் யாப்பு எழுத்தில் இருத்தல் வேண்டும். யாப்பு என்றதும் வெண்பாவை நினைப்பது எம் தொழிற்குற்றம்; ஆயினும் ஒன்று சொல்லலாம். கழகத்தின் யாப்பைப் படித்தறிந்த அங்கத்தவர் சிலரே. தளை தட்டுவதும் அங்கேதான்.

மைதானத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட ஆடுகளம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர். எம்மவர் கணக்கில் ஏறத்தாழ 28 பரப்பு. பார்வையாளர் நிற்கவும் பந்து ஓடவும் இடம் விட்டால் இரண்டு ஏக்கருக்கு மேல் வேண்டும். வயலும் தோட்டமும் வாழ்வாகிய ஊரில் இரண்டு ஏக்கர் என்பது ஒரு குடும்பத்தின் சோறு. அதனை விதைக்காமல், வீடு கட்டாமல், வேலி அடைக்காமல், "இது எல்லாருக்கும் உரியது" என்று விட்டுவைத்தல் சிறு செயலன்று. நேரிய காட்டுத்தடி மூன்றை நட்டும் குறுக்கே கட்டியும் 24 அடி அகலமும் 8 அடி உயரமுமான கோல் வாயில் அமைத்துவிட்டால் போதும். அதன்பின் அந்நிலத்தை ஒருவர் தமக்கென வளைப்பது எளிதன்று. பந்து அங்கே நிலத்துக்குக் காவலாளாகவும் நிற்கிறது. காலையில் அங்கே மாடு மேயும். பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறும். சித்திரைப் புத்தாண்டில் வழுக்குமரமும் கயிறிழுத்தலும் முட்டி உடைத்தலும் நிகழும். அரசாங்க வைத்தியர் முகாம் அமைக்க வரின் அதற்கும் அதுவே இடம்.

வன்னியிற் பந்தாட்டம் நெல்லின் நாட்காட்டியைப் பின்பற்றுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி மழை, மைதானம் குளமாகும். மாசி, பங்குனியிற் காலபோக அறுவடை. ஆட்டக்காரர் யாவரும் வயலில் நிற்பர். நெல் வீடு வந்து கையிற் சிறிது பணமும் புழங்கத் தொடங்கிய பின்னரே சுற்றுப்போட்டிகள் களைகட்டும். எழுவர் ஆட்டம், ஒன்பதின்மர் ஆட்டம் என்பன ஊர்களிற் பெருகியதற்குக் காரணம் இதுவே என்க. பதினொரு பேரையும் ஒருங்கே வயலினின்றும் பிரித்தெடுத்தல் எளிதன்று.

பந்தாடாத நாளிலும் கழகத்துக்கு வேலையுண்டு. மரணவீடு நிகழ்ந்தால் பந்தற்கால் நடுவோரும் கதிரை சுமப்போரும் இரவு விழித்திருப்போரும் கழகத்து இளைஞரே. திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் அவர்களுடையது. சிரமதானத்தில் மண்வெட்டி அவர்களுடையது. தொல்லூரில் இவற்றைச் சுற்றத்தார் செய்வர். சுற்றத்தைத் தொலைவில் விட்டு வந்தோர் வாழும் ஊரில் அவ்விடத்தைக் கழகம் நிரப்புகிறது. இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1887ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டும் நோக்குடன் வோல்பிறிட் என்னும் துறவற ஆசிரியர் ஒருவர் செல்ற்றிக் கழகத்தைத் தொடக்கினார். உலகறிந்த அக்கழகத்தின் வேர் புதுக்குடிகளின் பசியில் இருந்தது.

ஸ்கந்தபுரம் போன்ற ஊர்களைப் போர் இருமுறை சோதித்தது. 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானபோது நகரத்து மக்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம் முதலான இடங்களுக்குப் பெயர்ந்தனர். நகரத்து வைத்தியசாலையும் அக்கராயனில் இயங்கிற்று. அப்பொழுது இவ்வூர் பிறர்க்கு இடங்கொடுத்த ஊர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதுவே இடமிழந்த ஊராயிற்று. கிழக்கு நோக்கி முல்லைத்தீவுக் கரைவரை சென்று, எண்ணற்ற உயிர்களை இழந்து, 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் பின் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து, அவ்வாண்டின் இறுதி தொடக்கம் படிப்படியாக வன்னி மக்கள் தத்தம் ஊர் மீண்டனர். மீண்டோர் முதலிற் கேட்டறிந்தது கண்ணிவெடி அகற்றிய நிலம் எது என்பதே. கூரைத்தகடும் கிணறும் முந்திய தேவைகள். ஆயினும் ஓரணி திரட்ட முயன்றபோதுதான் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது ஊரின் கண்முன் நின்றது. கணக்கெடுப்புத் தாள் சொல்லாததைக் காலியாக நின்ற ஆட்டவிடங்கள் சொல்லின.

கழகப் பெயர்களே ஊரின் இயல்பை உரைப்பனவாம். கடலோரத்துப் பாஷையூரில் சென் அன்ரனிஸ், நாவாந்துறையில் சென் மேரிஸ், குருநகரிற் பாடும்மீன், மயிலங்காட்டில் ஞானமுருகன், ஊரெழுவில் றோயல். இளவாலையின் யங் ஹென்றீசியன்ஸ் அவ்வூர்ச் சென் ஹென்றீஸ் கல்லூரியின் பெயரைத் தாங்கியது. கல்லூரியிற் கற்ற ஆட்டம் ஊரின் உடைமையாகியதற்கு அப்பெயரே சான்று. பழைய மாணவர் சங்கத்தார் அதனை ஊன்றி நோக்குவாராக.

பழைய மாணவர் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்திற் சங்கக் கிண்ணப் போட்டியைத் தொடக்க ஆண்டுகளில் வென்று வந்தோர் செல்வர் பள்ளிகளின் பழைய மாணவரும் அவர்தம் வகுப்பினருமே. 1883ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் ஈற்றன் கல்லூரிப் பழைய மாணவர் அணியை, நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் நிறைந்த பிளாக்பேண் ஒலிம்பிக் என்னும் கழகம் மேலதிக நேரத்தில் இரண்டுக்கொன்று என்ற கணக்கில் வென்றது. தொழிலாளர் நகரொன்றுக்குக் கிண்ணம் சென்றது அதுவே முதன்முறை. இவ்வளவும் பலரும் சொல்லும் கதை. பின்நிகழ்ந்ததைச் சொல்வோர் குறைவு. 1885ஆம் ஆண்டு ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுப்பது விதிப்படி ஏற்கப்பட்டது. அதே நகரில் வசதி மிக்க றோவர்ஸ் கழகம் இருந்தது. அதனோடு சம்பளத்திற் போட்டியிட மாட்டாது ஒலிம்பிக் கழகம் 1889ஆம் ஆண்டு கலைந்தது. கிண்ணம் வென்ற ஆறாம் ஆண்டிற் கழகமே இல்லை. 1857ஆம் ஆண்டு தொடங்கிய ஷெபீல்ட் கழகமோ பெருங்கழகமாக வளராமலே, சிறு சங்கங்களிடையே இன்றும் ஆடி வருகிறது.

இக்கதையை யாம் எடுத்துரைத்தமைக்குக் காரணமுண்டு. அண்மைக் காலத்தில் நமது ஊர்ச் சுற்றுப்போட்டிகளிற் பரிசுத்தொகை உயர்ந்துவிட்டது. வெளிநாட்டு உறவினரின் அன்பளிப்பால் ஞாபகார்த்தக் கிண்ணங்கள் பல எழுந்துள்ளன. இறந்தோரை நினைப்பதும் நன்று. இளைஞரை ஊக்குவதும் நன்று. ஆனால் தொகை பெருகப் பெருக, வெளியூர் வீரர் மூவர் நால்வரைப் பேருந்துக் கட்டணமும் கூலியும் கொடுத்து அழைத்துவந்து ஊர்ச்சட்டையை மாட்டி இறக்கும் வழக்கம் பரவுகிறது. ஆண்டு முழுவதும் மைதானத்திற் புல் செதுக்கிய பிள்ளை அன்று கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப்போத்தலுடன் நிற்கிறான். கிண்ணம் ஊருக்கு வருகிறது. படம் வெளிநாட்டுக்குப் போகிறது. அப்பிள்ளை மறுநாள் மைதானத்துக்கு வருவதில்லை.

வெளியூர் வீரன் பணம் பெறுவது குற்றம் என்று யாம் கூறோம். காலால் உழைப்பதும் உழைப்பே. அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். தேர்ந்த வீரன் ஒருவனுடன் ஆடிப் பழகும் சிறுவன் பத்து நாட்பயிற்சியை ஒருநாளிற் பெறுவதும் உண்மை. எமது வினா கழகத்தாரை நோக்கியது: அணியிற் பாதிக்கு மேல் ஊரவர் அல்லாதாராயின் ஒலிபெருக்கி கூவும் பெயர் எவருடையது? வெளியூரவர் இருவருக்கு மேல் ஆடுதலாகாது என்றும், பதினாறு வயதுக்குட்பட்ட ஊரணி ஒன்றை இறக்காத கழகம் பெரியோர் கிண்ணத்தில் ஆட இயலாது என்றும் போட்டி நடத்துவோர் விதி செய்வாராயின் பாதித் தீங்கு நீங்கும். பணம் அனுப்பும் அன்பர்கள் கிண்ணத்தின் உயரத்தைக் குறைத்துச் சிறுவரின் சப்பாத்துக்கும் பந்துக்கும் கொடுப்பாராயின் மீதிப் பாதியும் நீங்கக்கூடும். வேலையற்ற மாலைப்பொழுதைப் போதைப்பொருள் விற்போர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை வன்னியில் ஆசிரியராக இருப்போர் நன்கறிவர். மைதானத்தை விட்டகன்ற பிள்ளை எங்கே செல்கிறான் என்று எம்மைக் கேட்கவேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் உதைபந்தாட்டத்தில் வெற்றி வாகை சூடியுள்ளனர். பள்ளிக்கூடத்தில் ஆடும் பெண், பள்ளிப்படிப்பு முடிந்த மறுநாள் ஆட இடமின்றி நிற்கிறாள். மைதானம் மாலை ஐந்து மணிக்கு ஆண்களுடையதாயின் நான்கு மணிக்கு அவர்களுடையதாகலாம். இதற்குப் பணம் வேண்டா. பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

அப்பொதுக்கூட்டத்திலேயே இன்னொரு வினாவும் எழுதல் வேண்டும்: மைதானக் காணி எவர் பெயரில் உள்ளது? இடப்பெயர்வுகளின்போது ஆவணங்கள் பல தொலைந்தன. காணி கொடுத்த பெரியவர் இறந்திருப்பார்; அவர் பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பர்; வாய்ச்சொல்லாற் கொடுத்த நிலத்தைப் பேரப்பிள்ளைகள் கேட்டு வரும் நாளும் வரும். நமது பழைய மாணவருள் நொத்தாரிசுகளும் நிலஅளவையாளரும் பிரதேச செயலகங்களிற் பணிபுரிவோரும் இருக்கின்றனர். தத்தம் ஊர் மைதானத்தின் உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ தேடி எடுத்து, வரைபடத்துடன் ஒரு பிரதியைக் கழகத்திலும் மற்றொரு பிரதியைப் பாடசாலை அதிபரிடமும் வைப்பதற்கு ஒரு விடுமுறை நாள் போதுமானது.