தமக்கையின் கையொப்பம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவ்வாய்வை வழிநடத்திய மருத்துவர் சுனிதி சாலமன், மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தொற்றுடையோர் இன்று நாள்தோறும் மருந்துண்டு நெடுங்காலம் வாழ்கின்றனர். ஒன்றாய் உண்பதாலும் விளையாடுவதாலும் தொற்று பரவாது. எனினும் பிறர் ஒதுக்குவது அவ்வீட்டுப் பிள்ளைகளை வருத்துகிறது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுடையோரை மட்டுமன்றி, அவர்களுடன் வாழ்வோரையும் காக்கிறது. பள்ளிகள் அவர்களை ஒதுக்கலாகாது. வியப்பூட்டும் பிரிவொன்றும் அதில் உண்டு. நோயால் பெற்றோர் செயலற்ற நிலையில், குடும்பத்தை நடத்தும் பக்குவமுடைய தமக்கையோ தமையனோ 12 வயது நிரம்பியிருந்தால், இளையவருக்குப் பாதுகாவலர் ஆகலாம். பள்ளியில் சேர்க்கலாம், மருத்துவம் செய்விக்கலாம், வங்கிக் கணக்கையும் இயக்கலாம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தம்பியின் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திட்டால், பாணேரானாலும் சென்னையானாலும் பள்ளி அதனை ஏற்றல் வேண்டும்.