முரசுக்குள் ஒரு நூல்

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் முன்பல் ஒன்றின் முனை உடைந்தது. போகப் போக அதன் நிறமும் மங்கிவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் முன் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வெனியர் போடத் துணிந்தேன். ஆனால் இரண்டு தடவை போட வேண்டி வந்தது. முதல் தடவை எங்கே பிழைத்துப்போனது என்பது இரண்டாம் தடவை நாற்காலியில் இருக்கும்போதுதான் விளங்கியது.

வெனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் பீங்கான் தகடு. தடிப்பு பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர், நம்முடைய நகத்தளவுதான். 1930களில் ஹொலிவூட்டில் சார்ல்ஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படியான தகடுகளை ஒட்டிவிட்டார். நல்ல பசை அப்போது இல்லை. படப்பிடிப்பு முடியக் கழற்றிவிடுவார்கள். 1955இல் புவனக்கோர் என்பவர் மிளிரியை, அதாவது எனாமலை, அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழியைக் காட்டினார். 1980களில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டத் தொடங்கினார்கள். தகடு வாயில் நிலைத்தது அதன் பிறகுதான்.

இந்தத் தகட்டைச் செய்பவர் நம் வாயைப் பார்ப்பதில்லை. பல்லைச் சற்றுச் சீவியபின் டாக்டர் எடுக்கும் அச்சு ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அதில் வார்த்த மாதிரிதான் அவருக்குப் பல். சீவிய இடம் முடியும் கோடு அதில் தெளிவாக விழ வேண்டும். வில்லங்கம் என்னவென்றால், அந்தக் கோடு பல நேரங்களில் முரசின் ஓரத்திலோ அதற்குச் சற்று உள்ளேயோ இருக்கிறது. எழுத்தில் ஈறு என்கிறோம், எங்கட பேச்சில் முரசு. இலக்கணத்தில் ஈறு என்றால் சொல்லின் கடைசி. கடைசி எழுத்து மறைந்த சொல்லை வாசிக்கிறவர் ஊகித்துத்தான் நிரப்புவார். ஆய்வுகூடத்திலும் அதேதான் நடக்கிறது.

பல்லுக்கும் முரசுக்கும் இடையே ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல முரசில் 1 முதல் 3 மில்லிமீற்றர் ஆழம். அது பல்லோடு ஒட்டியே கிடக்கும். அச்சுப்பசை அதற்குள் இறங்க ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் அகலமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே போன பசை வெளியே எடுக்கும்போது கிழிந்துவிடும். இரத்தமோ உமிழ்நீரோ இருந்தால் அந்த இடத்தில் குமிழிதான் விழும்.

இதற்காகத்தான் நூல். பருத்தியில் பின்னியது, மிக மெல்லியதற்கு மூன்று பூச்சியம் என்று இலக்கம்.

"கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும் சேர், பயப்படாதீங்க" என்று சொல்லி டாக்டர் முதலில் மெல்லிய நூலைப் பள்ளத்துக்குள் மெதுவாக வைத்தார். அதன் மேல் சற்றுத் தடித்த இன்னொன்று. சில நிமிடம் பொறுத்து, மேல் நூலைத் தண்ணீரால் நனைத்துவிட்டு உருவினார். காய்ந்தபடி இழுத்தால் உள்தோல் உரிந்து இரத்தம் வருமாம். அடிநூல் அச்சு எடுக்கும்வரை உள்ளேயே இருந்தது. விரிந்த பள்ளம் அரை நிமிடத்துக்குள் சுருங்கத் தொடங்கிவிடும் என்பதால் பசை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

நூலை நனைக்கும் மருந்திலும் கவனம் வேண்டும். அலுமினியம் குளோரைட்டு பொதுவாக நல்லது. பெரிக்கு சல்பேற்று இரத்தத்தை வேகமாக நிறுத்தும், ஆனால் கறை விடும். ஒளி ஊடுருவும் மெல்லிய பீங்கானுக்குப் பின்னால் அது கறுப்பாகத் தெரியலாம். அதிரினலின் தோய்த்த நூல் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது. "பிரசருக்குக் குளிசை எடுக்கிறீங்களா?" என்று அவர் முதலிலேயே கேட்டது அதனால்தான். கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லிவிட வேண்டும்.

முதல் தடவை இதெல்லாம் நடக்கவில்லை. என் முரசு வீங்கி, தொட்டாலே இரத்தம் வரும் நிலையில் இருந்தது. அன்றைக்கே அச்சு எடுத்தார்கள். எனக்கும் அவசரம்தான், மறைப்பானேன். தகடு வந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. சில மாதத்தில் ஓரத்தில் நாக்கு தட்டுகிற ஒரு படி, அதில் ஊத்தை, பிறகு சிவந்த முரசு. இரண்டாவது டாக்டர் அச்சுப் பேச்சையே எடுக்கவில்லை. காரையைச் சுத்தம் செய்து, பல் துலக்கும் விதத்தைத் திருத்தி, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார். இரத்தம் வரும் முரசில் எந்த நூலும் சரியாக வேலை செய்யாது. மெல்லிய முரசைப் பலமாக அழுத்தினால் அது நிரந்தரமாகவே கீழிறங்கிவிடக்கூடும். சீவிய மிளிரியோ திரும்ப வளராது.

நூலுக்குப் பதிலாகக் களிமண் கலந்த பசை, லேசர், மின்சாரக் கருவி எல்லாம் இருக்கின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின்சாரக் கருவி ஆகாது. இப்போது கமெராவாலும் அச்சு எடுக்கிறார்கள், ஆனால் கமெராவுக்கும் முரசை ஊடுருவிப் பார்க்கத் தெரியாது. கோட்டை முரசுக்கு மேலேயே வைக்க முடிந்தால் நூலே தேவைப்படாமலும் போகலாம். என் பல்லில் பழைய தகட்டின் ஓரம் உள்ளே போயிருந்ததால் அந்த வழி இல்லை.

பசை இறுகியதும் டாக்டர் அச்சை எடுத்துக் கழுவி, விளக்குக்கு நேரே பிடித்தார். பல்லின் பள்ளத்தைச் சுற்றி, எங்கும் கிழியாமல், வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய விளிம்பு நின்றது.

"இந்தா பாருங்க சேர், கோடு முழுசா வந்திருக்கு" என்றார்.