ஆற்றின் வழியே மழைக்காட்டுக்கு

மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. 'பினாங்' என்றால் பாக்கு. தீவுக்குப் பெயர் தந்த பாக்கு மரமே, ஜார்ஜ் டவுன் நகரின் ஊடே ஓடிக் கிழக்கே கடலிற் கலக்கும் ஆற்றுக்கும் பெயராயிற்று. அவ்வாற்றை அடுத்த குடியிருப்பும் சுங்கை பினாங் என்றே வழங்குகிறது. பாலத்தின் மேல் நின்று பார்க்கும் மாணவனுக்கு அது கலங்கல் நீரோடும் நகர வாய்க்காலாகவே தோன்றும். 'இந்த நீர் எங்கிருந்து வருகிறது?' என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். மழைக்காட்டுக்குச் செல்லும் அறிவியற் பயணத்தை அக்கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

விடை தொலைவில் இல்லை. ஆயர் ஈத்தாம், டொண்டாங், ஜெலுத்தோங், ஆயர் தெர்ஜுன் ஆகிய கிளைகள் கூடியே சுங்கை பினாங் ஆகின்றது. 'ஆயர் தெர்ஜுன்' என்பதற்கு அருவி என்பது பொருள். தாவரவியல் பூங்காவின் வழியே இறங்கி வருவது இக்கிளையே. அருவி வீழும் இவ்விடத்தைத் தமிழர் 'தண்ணீர்மலை' என்றனர். தைப்பூசத்தன்று காவடியோடு மக்கள் திரளும் அம்மலையின் பெயரிலேயே நீரும் மலையும் இணைந்திருத்தல் காண்க.

காடு நீரைக் காக்கும் முறை

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் உள்ளது. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது 1,400 மில்லிமீட்டர் அளவே. இவ்வளவு மழையும் செங்குத்தான மலைச்சரிவில் நேரே விழுந்தால் மண் தங்காது. அதனைத் தாங்கிக்கொள்வது காடு.

மழைக்காடு மாடங்கள் பல கொண்ட மாளிகை போன்றது. எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கிய பெருமரங்கள் நிற்கும்; அவற்றின் கீழ் ஒன்றோடொன்று தழைகோத்த மரக்கூரை; அதன் கீழ் நிழல் விரும்பும் சிறுமரங்கள்; அடியில் பெரணியும் பிரம்பும் நாற்றுகளும். வீழும் மழையில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி மீண்டும் ஆவியாகிவிடுகிறது. மற்றது வேகம் தணிந்து, கிளை வழியாகவும் அடிமரம் வழியாகவும் ஒழுகித் தரையை அடைகிறது. இங்குள்ள இலைகள் பலவற்றின் நுனி கூர்ந்து நீண்டிருப்பதை மாணவர் காண்பர். இலைமேல் நீர் தேங்காமல் வடிவதற்கு அது துணை செய்கிறது.

தரையில் சருகு மெத்தை போற் கிடக்கும். பூசணமும் கறையானும் புழுக்களும் அதனை விரைவில் மட்கச் செய்ய, வேர்கள் உடனே அச்சத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே, இத்தனை செழிப்பைக் கண்டு 'மண் மிக வளமானது' என்று முடிவு கட்டுதல் தவறு. செல்வத்தின் பெரும்பகுதி மரங்களிலும் சருகிலுமே உள்ளது. மரத்தை வெட்டிச் சருகை எரித்தால், எஞ்சிய மண் சில மழையில் சத்திழந்துவிடும். சருகும் வேரும் உள்ள இடத்தில் நீர் மெல்ல உள்ளிறங்கி, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றாகக் கசிகிறது. மழையில்லா நாளிலும் ஓடை வற்றாமைக்கு இதுவே காரணம்.

மலையின் முகடுகளைத் தொலைவிலிருந்து நோக்கினால் சாம்பல் படிந்தாற் போன்ற தழைகளையுடைய மரங்கள் தெரியும். மலாயர் 'செராயா' என்னும் மரம் இது. சால மரமும் குங்கிலியம் தரும் மரங்களும் சேர்ந்த இனத்தில் ஒன்றாக இதனை வகுத்த தாவர நூலார், 'ஷோரியா கர்ட்டிசியை' எனப் பெயரிட்டனர். 1884இல் தோன்றிய பினாங்குத் தாவரவியல் பூங்காவின் முதற் கண்காணிப்பாளரான சார்லஸ் கர்ட்டிசின் நினைவாக அமைந்த பெயர் அது.

பழைய எச்சரிக்கை

இக்காட்டின் அருமையை அறிந்து எழுதியோர் முன்பே இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு மலைச்சரிவுகள் பல, கிராம்பு, சாதிக்காய் முதலிய பயிர்களுக்காக வெட்டி வெளியாக்கப்பட்டன. இங்கு வழக்கறிஞராக இருந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், மலைக்காடுகளை அழித்துக்கொண்டே போனால் தீவின் தட்பவெப்பத்துக்கு என்ன நேரும் என்பதை ஆராய்ந்து 1848இல் கட்டுரை வரைந்தார். வெப்பத்தையும் ஈரத்தையும் காடே ஒழுங்குபடுத்துகிறது என்பது அவர் கருத்து.

2017ஆம் ஆண்டு இரு வேறு பாடங்களை ஒருங்கே தந்தது. அக்டோபரில் அறிவியலாளர் பலர் பினாங்கு மலையிற் கூடி, மரக்கூரை முதல் மண் வரை வாழும் உயிர்களைக் கணக்கெடுத்தனர். அடுத்த மாதம் 4, 5 ஆகிய நாட்களில் பெருமழை கொட்டியது. மலையில் மண் சரிந்தது, நகரம் வெள்ளத்தில் மூழ்கியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்தகைய பேய்மழையை எந்தக் காடும் முற்றிலும் தடுத்துவிட இயலாது. ஆயினும், மொட்டைச் சரிவும் சிமெண்டுத் தரையும் வெள்ளத்தை விரைவுபடுத்தும் என்பதில் ஐயமில்லை. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. மலேசியாவில் அச்சிறப்பைப் பெற்ற மூன்றாவது இடம் இது.

மாணவர் செய்யத்தக்கவை

பயணத்துக்கு வெப்பமானி ஒன்றும், ஒரே அளவான தகரக் குவளைகளும், கண்ணாடிப் புட்டிகளும் போதும். முதலாவதாக, அடிவாரத்திலும் மேலேயும் வெப்பத்தை அளக்கச் செய்க. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 பாகை செல்சியஸ் குறையும். 833 மீட்டர் உயர்ந்த உச்சியில் எவ்வளவு குறையவேண்டும் என்று முன்னரே கணக்கிட்டு, அளந்ததோடு ஒப்பிடட்டும். இரண்டாவதாக, ஒரு குவளையை வெட்டவெளியிலும் மற்றொன்றை மரத்தடியிலும் வைத்து, மழைக்குப் பின் நீரை அளக்கட்டும். மூன்றாவதாக, சருகு மூடிய மண்ணிலும் கால்பட்டு இறுகிய பாதையிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, எங்கே விரைவில் சுவறுகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது என்று பார்க்கட்டும். நான்காவதாக, பூங்காவின் ஓடைநீரையும் நகரத்து ஆற்றுநீரையும் தனித்தனிப் புட்டிகளில் தெளியவிட்டு, அடியிற் படிவதை ஒப்பிடட்டும். நகரத்து நீரைக் கையுறை அணிந்த ஆசிரியரே எடுத்தல் வேண்டும்.

மரங்களிடையே கண்ணைச் சுற்றி வெண்வளையமுடைய கருங்குரங்கைக் காணலாம். மலாயர் அதனை 'லோத்தோங்' என்பர். எந்தக் குரங்குக்கும் தீனி கொடுத்தலாகாது. செடியைப் பறித்தலும் கூடாது. எழுதுவதும் வரைவதும் போதும். அட்டைக்கு அஞ்சவேண்டியதில்லை, நீண்ட காலுறை காக்கும். மேலே மழை இருண்டால் ஓடையை விட்டு உடனே விலகவேண்டும். மலைநீர் சடுதியில் பெருகும்.

தமிழாசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. அருவி, ஓடை, ஊற்று, சருகு, மட்கு, முகடு, சரிவு என்னும் சொற்களை ஏட்டில் மட்டும் கண்ட மாணவன், இங்கே பொருளோடு காண்கிறான். கண்ட பொருளுக்கு உரிய சொல்லைக் கையிற் கொடுத்தால், பயணக் கட்டுரை மனப்பாடமாக அமையாது.

பினாங்கு மக்கள் பருகும் நீரில் பெரும்பகுதி இன்று கெடாவிலிருந்து வரும் மூடா ஆற்று நீர். அவ்வாறும் காட்டிலேதான் பிறக்கிறது. குழாய் நீண்டதால் காட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே. மறைந்த உறவைக் காட்டுவதே இப்பயணத்தின் பயன். அருவியைக் கண்டு திரும்பிய மாணவன், பாலத்தின் மேல் நின்று ஆற்றிலே குப்பையை எறியுமுன் ஒரு கணம் தயங்குவானாயின், அன்று நாம் நடத்திய பாடம் அவன் உள்ளத்தில் பதிந்தது எனலாம்.